எது முந்துகிறதோ அது



நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் குடும்பச் சிக்கல்களும் பிள்ளைகளின் படிப்பும்தான் இடம்பெறும். இம்முறை ஒரு காரைப் பற்றிய கேள்வி வந்திருக்கிறது. எழுதியவர் பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர். ஆறு ஆண்டுகளுக்கு முன் சிறிய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினாராம். ஞாயிறு திருப்பலி, மருத்துவமனை, கடைத்தெரு, எப்போதேனும் ஓர் உறவினர் வீட்டுத் திருமணம், அவ்வளவே அதன் ஓட்டம். ஆண்டுக்கு 2,500 கிலோமீட்டர்கூடத் தாண்டுவதில்லை. அவருடைய மெக்கானிக், மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்ஜின் ஆயில் மாற்றியே தீர வேண்டும் என்கிறாராம். ஜெர்மனியிலிருக்கும் மகனோ, “இங்கே 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் மாற்றுகிறோம். நீங்கள் வீணாக ஏமாறுகிறீர்கள், அப்பா” என்கிறாராம். அடுத்த வீட்டுக்காரர், “பத்தாயிரம் ஓடட்டும், பிறகு பார்ப்போம்” என்கிறாராம். இம்மூவரில் யார் சொல்லைக் கேட்பது என்பது ஆசிரியரின் கேள்வி. கியர்பாக்ஸ் ஆயில் என்று தனியே ஒன்று உண்டாமே, அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லையே என்றும் வினவியிருக்கிறார்.

இது குருவானவரிடம் கேட்கத்தக்க கேள்விதானா என்று சிலர் முறுவலிக்கக் கூடும். கிளைக் கிராமங்கள் பலவற்றைத் தம் பொறுப்பில் கொண்டு, புழுதிச் சாலைகளில் வண்டியோட்டித் திரியும் பங்குக் குருக்களைக் கேட்டுப் பாருங்கள். ஆயிலின் அருமை அவர்களுக்குத் தெரியும். அன்றியும், நடுத்தரக் குடும்பம் ஒன்று வீட்டிற்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை கொடுத்து வாங்கும் உடைமை கார்தான். அதுவும் பெரும்பாலும் கடனில். ஆகவே இக்கேள்வியை நாம் சிறிதாக எண்ணவில்லை.

முதற்கண், அந்த மூன்று அல்லது நான்கு லிட்டர் ஆயில் என்ஜினுக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். உலோகத்தோடு உலோகம் உரசாதபடி நடுவில் மெல்லிய படலமாக நிற்பது அதன் முதல் வேலை. இதை எல்லாரும் அறிவர். பலர் அறியாத வேலைகளும் உண்டு. பிஸ்டனின் சூட்டை வாங்கிக் கீழே கொண்டுவருகிறது. எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியைத் தன்னுள் ஏற்று, ஓரிடத்தில் படியவிடாமல் மிதக்க வைத்துக்கொள்கிறது. எரிதலில் பிறக்கும் அமிலத்தை முறிக்கிறது. பிஸ்டன் வளையத்திற்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைக்கிறது. துருவைத் தடுக்கிறது. இத்தனையையும் வெறும் எண்ணெய் செய்துவிடாது. கரியைச் சுமப்பதற்கு ஒன்று, அமிலத்தை முறிப்பதற்கு ஒன்று, தேய்மானத்தைக் குறைப்பதற்கு ஒன்று எனப் பல இரசாயனச் சரக்குகளைச் சேர்த்தே கம்பெனியார் டப்பாவில் அடைக்கிறார்கள். வண்டி ஓட ஓட இச்சரக்குகள் செலவாகித் தீர்கின்றன. எண்ணெயும் சூட்டினால் நாளடைவில் தன்மை கெடுகிறது. அழுக்கோ சேர்ந்துகொண்டே போகிறது. ஆயில் மாற்றுவதென்பது தீர்ந்த சரக்கைப் புதுப்பித்து, சேர்ந்த அழுக்கை வெளியேற்றுவதே. ஆயில் குறைந்தபோதெல்லாம் மேலே கொஞ்சம் ஊற்றி வந்தால் போதும் என்று எண்ணுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஊற்றுவது அளவைத்தான் சரிசெய்யும். அழுக்கு அங்கேயேதான் இருக்கும்.

அப்படியாயின் எப்போது மாற்றுவது? காரோடு கொடுக்கப்பட்ட கையேட்டில் விடை இருக்கிறது. பலர் வீட்டில் அந்தக் கையேடு பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் கிடக்கிறது. இந்நாட்டில் இன்று விற்கும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றிற்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றும், வேறு சிலவற்றிற்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றும் எழுதியிருப்பார்கள். அதனோடு, எது முந்துகிறதோ அது என்றொரு சிறு தொடரும் இருக்கும். நம் மக்கள் கிலோமீட்டரைப் படிக்கிறார்கள். இச்சிறு தொடரை விட்டுவிடுகிறார்கள். ஆசிரியரின் அண்டை வீட்டார் செய்வது இதுவே. ஆண்டுக்கு 2,500 கிலோமீட்டர் ஓடும் வண்டி பத்தாயிரத்தைத் தொட நான்கு ஆண்டுகள் செல்லும். நான்கு ஆண்டுகள் ஒரே ஆயில் என்ஜினுக்குள் கிடப்பதை எந்தக் கம்பெனியும் ஒப்புக்கொள்ளாது.

ஓடாத வண்டியில் ஆயில் எப்படிக் கெடும் என்று கேட்பீர்கள். இங்கேதான் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் வியப்பாயிருக்கும். ஆனால் அதுவே உண்மை. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் குழாயின் முனையில் நீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்நீரே. ஒரு சிறு பகுதியோ பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடுகிறது. என்ஜின் நன்கு சூடானால் இந்நீர் ஆவியாகிப் போய்விடும். சூடாகாவிட்டால் அங்கேயே குளிர்ந்து ஆயிலோடு கலந்து நிற்கும். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோலும் முழுவதும் எரியாமல், கொஞ்சம் ஆயிலில் இறங்கி அதன் பிசுபிசுப்பைக் குறைக்கிறது. நீரும் அமிலமும் சேர்ந்தால் உள்ளிருக்கும் உலோகத்திற்குக் கேடு. கரியோடு சேர்ந்தால் கொழகொழவென்ற சேறு உண்டாகி, ஆயில் செல்லும் நுண்ணிய துளைகளை அடைக்கும்.

கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர், கடைக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிடலாம். ஆயில் அதற்குப் பின்னரே மெதுவாகச் சூடேறும். கால் மணி நேரமாவது ஓடினால்தான் அது பதமான சூட்டை அடையும். ஆகையால் மெல்ல ஓட்டி, குறைவாக ஓட்டி, கண்ணும் கருத்துமாய்ப் போற்றிவைக்கும் முதியோரின் காரே ஆயில் விஷயத்தில் கடுமையான உழைப்பு உழைக்கிறது. கேட்பதற்கு முரணாகத் தோன்றினும் கையேடுகளும் இதையே சொல்கின்றன. கடினமான உபயோகம் என்று ஒரு பட்டியலை அவற்றின் பின்பக்கங்களில் காணலாம். மலைப்பாதை, புழுதி, பாரம் இழுத்தல் ஆகியவற்றோடு குறுகிய தூர ஓட்டங்களும், நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிடுதலும் அப்பட்டியலில் உண்டு. அத்தகைய வண்டிகளுக்கு மாற்றும் காலத்தைப் பாதியளவுக்குக் குறைக்கச் சொல்லும் கையேடுகள் பல.

ஆதலின் ஆசிரியருக்கு நாம் கூறுவது இது. கிலோமீட்டர் எவ்வளவு குறைவாயிருப்பினும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலையும், அதனோடு ஆயில் ஃபில்டரையும் தவறாமல் மாற்றுங்கள். ஓட்டமெல்லாம் இரண்டு மூன்று கிலோமீட்டரோடு முடிந்துவிடுமாயின், ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்றினாலும் தகும். மாதத்தில் இரண்டு முறையேனும் வண்டியை இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓட்டி வாருங்கள். வீட்டு வாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் கிளப்பி அணைப்பது பரிகாரமாகாது. சூடேறும் முன்பே அணைப்பதால் நீர் இன்னும் சேரும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் விடுமுறையில் வந்து ஓட்டுவதற்கென்று கொட்டகையில் கார்களைப் போட்டு வைத்திருக்கும் பெற்றோரும் இதை மனத்தில் கொள்வார்களாக.

இனி மூன்று மாதக் கணக்குச் சொல்லும் மெக்கானிக்கிடம் வருவோம். அவர் பொய் சொல்கிறார் என்று நாம் கூறமாட்டோம். அவர் தொழில் கற்ற காலத்தின் வழக்கம் அது. 1958 முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர் கார்களிலே கைபழகிய ஓட்டுநர்கள் பலர் மூவாயிரம் கிலோமீட்டரை ஒரு வாய்பாடாகவே வைத்திருந்தனர். அந்நாளைய ஆயிலும் வேறு, என்ஜினும் வேறு. அமெரிக்காவிலும் 3,000 மைல், அதாவது சுமார் 4,800 கிலோமீட்டர், என்பது நெடுங்காலம் மாறாத வழக்காயிருந்தது. கலிபோர்னியா மாநில அரசே பின்னர் முன்வந்து, இது இக்காலக் கார்களுக்குத் தேவையில்லை, உங்கள் கையேட்டிலுள்ள எண்ணைப் பாருங்கள் என்று பிரசாரம் செய்தது. தேவைக்கு முன் மாற்றினால் என்ஜினுக்குத் தீங்கில்லை, ஓய்வூதியத்திற்குத் தீங்கு. நல்ல ஆயிலைக் கழிவாக்குவதும் ஆகும்.

ஜெர்மனியிலிருக்கும் மகன் சொல்வதும் அவ்வூருக்குப் பொருந்துவதே. அங்கே சில கம்பெனிகள் அதற்கென்றே வகுத்த உயர்ந்த ரக செயற்கை ஆயிலை ஊற்றி, 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டுகள் வரை ஓடலாம் என்கின்றன. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் சீராக ஓடும் வண்டிக்கு அது சரி. அங்கும் எல்லா வண்டிக்கும் இந்தக் கணக்கு இல்லை. இரண்டு ஆண்டு என்ற வரம்பும் உண்டு என்பதை மகன் சொல்ல மறந்துவிட்டார் போலும். அதே ஜெர்மானியக் கம்பெனிகள் நம் நாட்டில் விற்கும் கார்களுக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றே வைத்திருக்கின்றன.

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இவ்விஷயத்தில் குழப்பமே வருவதில்லை. டிராக்டரில் மணி காட்டும் மீட்டர் இருக்கிறது. என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் கொண்டு அவர்கள் ஆயில் மாற்றுகிறார்கள். உழுத தூரத்தை யாரும் அளப்பதில்லை. காருக்கும் அப்படி ஒரு மீட்டர் கண்ணில் படும்படி இருந்திருந்தால் எத்தனையோ வாடகைக் காரின் என்ஜின் பிழைத்திருக்கும்.

வாடகைக் கார் என்றதும் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞரின் நினைவு வருகிறது. பழைய டீசல் கார் ஒன்றைக் கடனில் வாங்கி நகரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், மாதம் பிறந்தால் தவணை. பத்தாயிரத்தில் மாற்ற வேண்டிய ஆயில் பன்னிரண்டாயிரமாயிற்று. அடுத்த முறை பதினாறாயிரம். கடைசியில் இருபத்திரண்டாயிரம் கடந்தும் மாற்றவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோவொரு செலவு குறுக்கே வந்தது. பள்ளிக்கூடக் கட்டணம், மாமியாரின் கண் அறுவை. இடையிடையே அரை லிட்டர் ஊற்றிக்கொண்டார். பயணியை எதிர்பார்த்துக் குளிர்சாதனத்தைப் போட்டபடி மணிக்கணக்கில் நின்ற நேரமெல்லாம் என்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் அசையவில்லை. ஒருநாள் இரவு, எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு எரிந்தது. பயணியை விமான நிலையத்தில் விட்டுவிடுவோமென்று இன்னும் ஆறு கிலோமீட்டர் ஓட்டினார். திரும்பி வருகையில் உள்ளே தட்டும் ஓசை கேட்டு, வண்டி நின்றுவிட்டது. கிராங்க் தண்டின் பேரிங்குகள் பிடித்துக்கொண்டன. சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது ஒரு இலட்சத்தைத் தாண்டிற்று. மனைவியின் தாலிச் சங்கிலி நீங்கலாக மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போயின. வண்டி பட்டறையில் கிடந்த இரண்டு மாதமும் தவணை நிற்கவில்லை. அவரைச் சோம்பேறி என்று நாம் சொல்லத் துணியோம். தவணைக்குத் தேதி உண்டு. கேட்க ஆளும் உண்டு. ஆயிலுக்குத் தேதி இருந்தும் கேட்பாரில்லை. அதனால் வாடகைக் கார் ஓட்டும் குடும்பங்களுக்கு நாம் சொல்வது ஒன்று. ஆயில் செலவை மாதத் தவணையின் ஒரு பகுதியாகவே எண்ணி, நாளொன்றுக்கு இருபதோ முப்பதோ தனியே எடுத்து வையுங்கள். வீட்டுக் கணக்கைப் பார்க்கும் இல்லத்தரசியரிடம் இப்பொறுப்பு இருந்தால் இன்னும் நன்று.

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிலின் அழுத்தம் போய்விட்டது என்பது அதன் பொருள். அது எரிந்தால் பட்டறை வரை ஓட்டிப் போவோம் என்ற எண்ணமே கூடாது. சாலையோரம் நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும். பிறகு ஆயில் அளவைப் பார்ப்பதும் ஆள் அனுப்புவதும். பயணி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆயில் அளவைப் பார்க்கும் வழியை இல்லத்தில் ஒருவருக்கு இருவர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு குறிகளுக்கு நடுவே இருந்தால் போதும். மேற்குறியைத் தாண்டி ஊற்றுவது தாராளம் ஆகாது. சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கிவிடும். நுரை உலோகத்தைக் காக்காது. ஆகஸ்ட் 29-இல் கொடியேறியதும் வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு காரில் புறப்படுகிறவர்கள் அநேகர். டயரில் காற்றுப் பார்ப்பவர்கள் டிப்ஸ்டிக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படலாம்.

நிறத்தைப் பார்த்து ஆயிலை எடைபோடுவது வீண். டீசல் வண்டியில் புத்தம்புது ஆயிலும் ஓரிரு நாளில் கறுத்துவிடும். கரியைத் தன்னுள் ஏற்று அது தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். “பாருங்கள் சார், எவ்வளவு கறுப்பு” என்று விரலில் தொட்டுக் காட்டும் பட்டறைக்காரரிடம் தேதியையும் கிலோமீட்டரையும் சொல்லுங்கள். வேறொரு நிறத்துக்கு மட்டும் அஞ்ச வேண்டும். ஆயில் பால் கலந்த தேநீர்போல் வெளுத்துக் காணப்பட்டால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள், உடனே காட்டவேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 டீசல் கார்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புகையிலுள்ள கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி ஒன்று அவற்றில் உண்டு. நகரத்துக்குள்ளேயே குறுகிய ஓட்டம் ஓடினால், அதை எரிப்பதற்காகச் செலுத்தப்படும் டீசலில் கொஞ்சம் ஆயிலில் இறங்கி, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போகும். ஆயில் குறையவில்லை என்று மகிழாதீர்கள். ஏறுவதும் கெடுதியே. இவ்வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த தனி ரக ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். இல்லையேல் அந்த விலையுயர்ந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

எந்த ஆயில் என்பதிலும் பழைய நம்பிக்கை ஒன்று நம்மிடம் இருக்கிறது. கெட்டியான ஆயிலே நல்ல ஆயில் என்பது அது. டப்பாவின் மேல் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று காணும் எண்களில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். முன்னுள்ள எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாய் ஓடும் என்பதையும், பின்னுள்ளது சூடான நிலையில் எவ்வளவு கெட்டியாய் நிற்கும் என்பதையும் காட்டும். என்ஜினைக் கிளப்பும்போது முதல் சில விநாடிகளில்தான் தேய்மானம் மிகுதி. அப்போது விரைந்து மேலேறும் ஆயிலே உதவும். இன்றைய என்ஜின்களின் இடைவெளிகள் மெல்லிய ஆயிலுக்கென்றே அமைக்கப்பட்டவை. 0டபிள்யூ-20 கேட்கும் வண்டிக்கு, “நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் தாங்கும்” என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது உபகாரமன்று. டர்போ பூட்டிய வண்டிகளில் அந்தச் சிறு சக்கரம் நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்கிறது. அதைத் தாங்குவது ஆயில் படலம் ஒன்றே என்பதால் ரகத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கையேட்டில் உள்ள எண்ணும் தரக்குறியும் பொருந்தினால், எந்தக் கம்பெனியின் பெயர் என்பது பெரிதல்ல. போலிச் சரக்கு அல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. முத்திரை உடையாத டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலியான டப்பாவில் ஒரு துளையிட்டுப் போடுங்கள்; இல்லையேல் அது வேறொருவர் கையில் மீண்டும் நிரம்பிக் கடைக்கு வரக்கூடும்.

இரு சக்கர வண்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் என்ஜினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். அதுவும் ஒரு லிட்டர் அளவே. ஆதலால் அது விரைவில் களைத்துவிடும். காருக்கு வாங்கியதில் மிச்சமிருக்கிறதென்று பைக்கில் ஊற்றினால் கிளட்சு வழுக்கும். ஸ்கூட்டர்களில் பின்சக்கரத்தருகே தனியே கியர் ஆயில் இருக்கிறது; நூறு மில்லிக்குச் சற்று மேல். அதைப் பலர் மறந்தே போகின்றனர்.

இனி, ஒருவரும் பேசாத கியர்பாக்ஸ் ஆயில். இங்கே எரிதல் இல்லை; ஆகவே கரியும் அமிலமும் இல்லை. அதனால் இந்த ஆயில் நெடுநாள் உழைக்கும். ஆனால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று அழுத்தித் தேய்க்கையில் உதிரும் உலோகத்தூள் அதில்தான் தங்குகிறது. சாதாரண கியர்பாக்ஸில் அதை வடிகட்ட ஃபில்டரும் கிடையாது. பல வண்டிகளில் அடிமூடியில் ஒரு காந்தம் மட்டும் இருக்கும். கையால் கியர் மாற்றும் வண்டிகளுக்குச் சில கையேடுகள் குறிப்பிட்ட தூரத்தைச் சொல்கின்றன. சில, சோதித்தால் போதும் என்கின்றன. எதுவும் சொல்லாத இடத்தில், ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது அறிவுடைமை என்பது நம் எண்ணம். இரண்டு லிட்டர் அளவே ஆகும். அடிக்கடி வரும் செலவுமன்று. காலையில் முதல் கியரோ இரண்டாவதோ விழ மறுத்தால், ஐந்தாண்டு பழைய ஆயிலையும் சந்தேகிக்கலாம். பின்சக்கரம் இழுக்கும் ஜீப் வகை வண்டிகளில் பின் அச்சிலுள்ள கிரவுன் பெட்டிக்கும் தனி ஆயில் உண்டு.

ரகம் இங்கேயும் முக்கியம். ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என இரு தரங்கள் கடையில் கிடைக்கும். ஐந்து நான்கைவிட உயர்ந்ததென்று எண்ணி வாங்கிவிடலாகாது. ஐந்தில் கூடுதலாகச் சேர்க்கும் கந்தகச் சரக்கு, சில கியர்பாக்ஸ்களின் பித்தளை வளையங்களுக்குப் பகையாகலாம். இன்னொரு சிறு யோசனை: கீழே வடிக்கும் மூடியைத் திறக்குமுன், ஊற்றும் மூடி திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வடித்த பிறகு மேல்மூடி துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், வண்டி அங்கிருந்து நகர முடியாது.

தானாகக் கியர் மாற்றும் ஆட்டோமேடிக் வண்டிகளில் ஆயில் வெறும் வழுவழுப்புக்காக அன்று. அழுத்தத்தால் கிளட்சுகளை இயக்குவதும் அதுவே. இவற்றுள் சிலவற்றிற்கு ஆயுட்காலம் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்று கார்க் கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. யாருடைய ஆயுள் என்று நாம் கேட்கலாம். வண்டியை மூன்றாண்டில் விற்றுவிடும் முதல் உடைமைக்காரருக்கு அது உண்மையாகவே இருக்கும். அதை இரண்டாம் கையாக வாங்கிப் பத்தாண்டு ஓட்டும் நம் பங்குக் குடும்பத்திற்கோ நிலைமை வேறு. பல கார்க் கம்பெனிகளுக்கு ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். என்னும் ஜெர்மானிய நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் மாற்றும்படி அறிவுரை தந்திருக்கிறது. செய்தவனே மாற்று என்று சொல்லும்போது விற்றவன் வேண்டாமென்பது நமக்கு விளங்கவில்லை. ஈரக் கிளட்சு இரண்டு கொண்ட சில வகைகளுக்கு 60,000 கிலோமீட்டர் என்றே வகுத்திருக்கிறார்கள். பழைய ஆயில் செந்நிறம் போய்க் கருகிய வாடை வீசினால், அதுவே நேரம் கடந்ததற்கு அறிகுறி. ஆனால் இவ்வகைப் பெட்டிகளில் தவறான ஆயில் ஊற்றுவது மாற்றாமல் விடுவதைவிடக் கெடுதல். அதற்குரிய ரகத்தை அறிந்து, குறித்த சூட்டில் அளவு பார்க்கத் தெரிந்த பட்டறையில் மட்டுமே இதைச் செய்விக்க வேண்டும். மின்சாரக் காரில் என்ஜினே இல்லை, தொல்லை தீர்ந்தது என்போரும் கேளுங்கள்: அதிலும் சிறு கியர்பெட்டியும் அதற்கு ஆயிலும் உண்டு.

வெள்ளத்தில் அகப்பட்ட வண்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் முதலில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் வடிந்ததும் ஆவலால் சாவியைத் திருப்பியதே பல என்ஜின்களைக் கெடுத்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டன் அதை அமுக்க இயலாது. இணைப்புத் தண்டு வளைந்துவிடும். கியர்பாக்ஸின் உச்சியில் காற்றுப்போக ஒரு சிறு துளை உண்டு; அதன் வழியும் தண்ணீர் இறங்கும். ஆகவே மூழ்கிய வண்டியைக் கிளப்பாமல் இழுத்துச் சென்று, என்ஜின் ஆயிலோடு கியர்பாக்ஸ் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள். என்ஜின் ஆயிலோடு நிறுத்திக்கொண்டவர்கள் சிலர், ஆறு மாதம் கழித்து கியர்பாக்ஸுக்காகப் பட்டறைக்குப் போனார்கள்.

பழைய கார் வாங்குவோர், விற்றவர் சொல்லும் கணக்கை நம்பியிராமல், வாங்கியவுடன் எல்லா ஆயிலையும் ஒருமுறை மாற்றிவிட்டுப் புதுக்கணக்குத் தொடங்குவது மேல். தேதி, கிலோமீட்டர், ஆயிலின் ரகம் மூன்றையும் ஓர் அட்டையில் எழுதிக் காருக்குள்ளேயே வையுங்கள்.

இறுதியாக, வடித்தெடுத்த பழைய ஆயில் எங்கே போகிறது என்ற கேள்வி. நம் ஊர்களில் கறையானுக்கென்று உத்தரத்தில் பூசுவதும், கட்டட வேலையில் பலகைகளுக்குத் தடவுவதும், மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றுவதும் நடைமுறை. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி இது அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைகளுக்கே செல்ல வேண்டும். அங்கே அதைச் சுத்தம் செய்து மீண்டும் நல்ல எண்ணெயாக்க முடியும். ஒரு காரிலிருந்து ஒருமுறை வடித்த ஆயில் பத்து இலட்சம் காலன், அதாவது சுமார் 38 இலட்சம் லிட்டர், நன்னீரைக் கெடுக்க வல்லது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. நம் பங்கில் கிணற்றுநீர் குடிக்கும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. வடித்த ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து வைக்கிறாரா, வாய்க்காலில் விடுகிறாரா என்று அடுத்த முறை உங்கள் பட்டறைக்காரரைக் கேளுங்கள். வாய்க்கால் என்பாராயின் வேறு பட்டறை பாருங்கள்.